ரேம்ப்பா, தடமா, ஸ்டில்ட்டா: வண்டி வரும் வழியை வைத்து மூன்று வீடுகளை ஒப்பிட்டோம்

கோவை வடவள்ளியில் அந்த வீட்டைப் பார்த்தவுடனேயே என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. சமையலறையில் நல்ல வெளிச்சம், பூஜையறை தனியாக, மொட்டை மாடியில் ஏறினால் மருதமலை தெரியும். அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்றே இருந்தோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு காட்டப் போனேன். கேட்டைத் தாண்டி ரேம்ப்பில் ஏறி, போர்டிகோ தரையைத் தொடுகிற இடத்தில் காரின் அடியில் கரகரவென்று ஒரு சத்தம். முதல் தடவை நான் மட்டும் ஓட்டி ஏற்றியபோது அது இல்லை. ஐந்து பேர் பாரத்தில் வண்டி கொஞ்சம் தாழ்ந்ததும் அடி தட்டிவிட்டது.

அந்தச் சத்தத்தால் நான்கு மாதம் அலைந்தோம். வீடு பார்க்கும் விதமே மாறிப்போனது. தார்ச்சாலையிலிருந்து போர்டிகோ வரை வண்டி எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே வீட்டுக்குள் கால் வைக்க ஆரம்பித்தோம். டைல்ஸை மாற்ற வேண்டுமா, சமையலறைச் சுவரை இடிக்க வேண்டுமா, அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. வண்டி வரும் வழி அப்படி இல்லை. அதில் மாநகராட்சிக்குப் பங்கு உண்டு, பக்கத்து நிலத்துக்காரருக்குப் பங்கு உண்டு, எதிர்வீட்டுக்காரர் தன் காரை எங்கே நிறுத்துகிறார் என்பதற்கும் பங்கு உண்டு. பணம் இருந்தாலும் பல நேரம் நாமாகச் சரிசெய்ய முடியாத பகுதி அது.

கடைசியில் கிட்டத்தட்ட ஒரே விலையில் மூன்று வீடுகள் நின்றன. வடவள்ளியில் இந்த ரேம்ப் வீடு, 5 சென்ட். தொண்டாமுத்தூருக்கு மேற்கே, தென்னந்தோப்புக்கு நடுவே போகும் தடத்தின் முடிவில் ஒரு வீடு, 9 சென்ட். கவுண்டம்பாளையத்தில் ஸ்டில்ட் பார்க்கிங்கோடு, அதாவது கட்டடத்தைத் தூண்கள் மேல் தூக்கிக் கீழே கார் நிறுத்த இடம் விட்ட, ஓர் அடுக்குமாடி வீடு.

வடவள்ளி வீட்டின் கணக்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்குள் பார்க்கும் பத்து வீடுகளில் பாதிக்கு மேல் இதே சிக்கல்தான் எங்கள் கண்ணில் பட்டது. ரோடு போடப் போட உயர்ந்துகொண்டே போகும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயத்தில் வீட்டை ரோட்டிலிருந்து 3 அடி தூக்கிக் கட்டியிருந்தார்கள். அது தப்பில்லை. ஆனால் போர்டிகோ தரையையும் அதே 3 அடி உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கேட்டுக்கும் போர்டிகோவுக்கும் நடுவே இருந்தது 8 அடிதான். அது போதாமல் ரேம்ப்பைக் கேட்டுக்கு வெளியே, சாக்கடை மூடிக்கு மேல் 3 அடி நீட்டியிருந்தார்கள். ஆக 11 அடி ஓட்டத்தில் 3 அடி ஏற்றம்.

ஓர் அடி உயர்வதற்கு 8 அடியாவது நீளம் வேண்டும், 10 அடி இருந்தால் இன்னும் நல்லது என்பது எங்கள் இன்ஜினியர் சொன்ன அளவு. 3 அடிக்கு 24 அடி வேண்டும், இங்கே அதில் பாதிகூட இல்லை. என்னுடையது ஸ்விஃப்ட். அதன் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 163 மில்லிமீட்டர், அதாவது ஆறரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 8 அடி. ரேம்ப் முடிந்து தரை சமமாகும் முதுகுப் பகுதி இந்த 8 அடிக்கு நடுவில் வரும்போதுதான் வண்டி அடி தட்டும். அந்த 11 அடி ரேம்ப்புக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தேவையான இடைவெளியும் ஏறக்குறைய ஆறரை அங்குலம்தான் வருகிறது. நான் தனியாகப் போனபோது நூலிழையில் தப்பித்ததும், குடும்பத்தோடு போனபோது தட்டியதும் அதனால்தான். வெளியே நீட்டிய 3 அடியைச் சாக்கடை தூர்வார என்று மாநகராட்சி ஒருநாள் இடித்துவிட்டால் மிச்சம் 8 அடி. அப்போது எட்டரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டும், சாதாரணக் கார் எதுவும் அதில் ஏறாது. ரோட்டு எல்லைக்குள் இருக்கும் ரேம்ப்பை நம்பி வீடு வாங்குவது, நமக்குச் சொந்தமில்லாத இடத்துக்குப் பணம் கொடுப்பது போலத்தான்.

இதையெல்லாம் டேப்பும், மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபும் வைத்து அளந்து சொன்னவர் எங்கள் மேஸ்திரி. பத்து நிமிட வேலை. வீடு பார்க்கப் போகும்போது கூட ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போவதற்கு யாரும் யோசிக்காதீர்கள்.

மனசு நொந்து அந்த வீட்டை விட்டுவிட்டுத்தான் தொண்டாமுத்தூர் பக்கம் போனோம். தடத்து வீடு என்றால் கொங்கு நாட்டில் எல்லோருக்கும் ஒரு படம் மனசில் வரும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே வண்டித் தடம், முடிவில் சாளை என்கிற தோட்டத்து வீடு, வாசலில் களம். என் அம்மா பிறந்து வளர்ந்தது அப்படி ஓர் இட்டேரிக்கு உள்ளே இருந்த வீட்டில். காரை விட்டு இறங்கியதும் "இங்கயே இருந்துக்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டார். வாசல் அத்தனை பெரியது. பந்தல் போட்டு ஒரு காதுகுத்தே நடத்தலாம், சீர் கொண்டுவருகிறவர்களின் நாலைந்து கார் தாராளமாக நிற்கும். ரேம்ப் என்ற பேச்சே இல்லை, தரையோடு தரையாக வண்டி போர்டிகோவுக்குள் போய்விடும்.

ஆனால் அந்த வாசலுக்கு வர 160 அடி நீளத் தடம் இருந்தது. அது இரண்டு பங்காளிகளின் தோப்பு வழியாக வந்தது. விற்பவரும் அவர்களுடைய பங்காளிதான். பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை வாங்கி வந்து வழக்கறிஞரிடம் காட்டினேன். "கால்நடைகளும் மாட்டு வண்டியும் போக வர மாமூல் தடப் பாத்தியம் உண்டு" என்று எழுதியிருந்தது. பாத்தியம் என்றால் உரிமை. எனக்கு நிம்மதியாகிவிட்டது, மாட்டு வண்டி போகலாம் என்றால் கார் போகலாம்தானே! வழக்கறிஞர் அப்படிச் சட்டென்று தலையாட்டவில்லை. அவர் கேட்ட கேள்விகளைத் தடத்து வீடு பார்க்கும் ஒவ்வொருவரும் கேட்டே ஆக வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் கேள்வி அகலம். பத்திரத்தில் எத்தனை அடி என்று எழுதவில்லை. நேரில் அளந்தால் தொடக்கத்தில் 14 அடி, நடுவில் ஒரு கல்கால் வேலி உள்ளே தள்ளி வந்ததால் 9 அடி. இன்னோவா கிரிஸ்டாவின் உடல் அகலம் 6 அடி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் இன்னும் கூடும். அது போய்விடும். போர்வெல் வண்டி எப்படிப் போகும்? லாரி உடம்பே எட்டே கால் அடி அகலம், கூடவே கம்பரசர் வண்டி ஒன்றும் வரும். ஊருக்கு வெளியே குழாய்த் தண்ணீர் வராத இடத்தில் போர்வெல்தான் ஆதாரம். இருக்கும் போர் வற்றினால் புதிதாக ஓட்ட வேண்டும், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி வாசல் வரைக்கும் வந்தாக வேண்டும். செப்டிக் டேங்க் லாரி, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், கட்டட வேலைக்கு எம்-சாண்ட் லாரி எல்லாம் இதே 9 அடிக்குள் வர வேண்டும். தலைக்கு மேல் தாழ்வாகப் போகும் மின்கம்பியையும் தென்னை மட்டையையும் பார்க்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாவது, அந்தத் தடம் அரசுக் கணக்கில் இருக்கிறதா என்பது. எஃப்எம்பி என்கிற புலப்பட வரைபடத்தில் வண்டிப்பாதை என்று கோடு போட்டுக் காட்டியிருந்தால் கதையே வேறு. அது வழி என்பதற்கு வலுவான ஆதாரம், வேலி போட்டு மறிப்பது எளிதில்லை. இங்கே வரைபடத்தில் எதுவும் இல்லை. முழுக்கப் பங்காளிகளின் பட்டா நிலம்.

மூன்றாவதாக அவர் சொன்னது எனக்குப் புதிது. போக வர உள்ள பாத்தியத்தை வைத்துக்கொண்டு, அதே தடத்தின் அடியில் தண்ணீர்க் குழாய் பதிக்கவோ, மேலே மின்கம்பி இழுக்கவோ தானாக உரிமை வந்துவிடாது. அதையும் தனியாக எழுதி வாங்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி, 20 ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையோடு ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் அது பாத்தியமாகிவிடும். ஒரே சொத்து பாகமாகிப் பிரியும்போது வேறு வழியே இல்லாத பாகத்துக்கு அவசியத் தடம் கிடைக்கும் என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் எதிராளி மறுத்தால் இதை நிரூபிக்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். குடியிருக்க வீடு வாங்குகிறவன் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்கு நடக்க முடியாது. தவிர, தடம் தெளிவாக இல்லை என்றால் கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞரே கேள்வி எழுப்புவார்.

அதனால் 14 அடி அகலம், எல்லா வாகனங்களும், குழாய், மின் இணைப்பு எல்லாவற்றையும் குறிப்பிட்டு, இரண்டு பங்காளிகளும் கையெழுத்திட்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த தடப் பாத்தியப் பத்திரம் வேண்டும் என்று கேட்டோம். செலவு எங்களுடையது. இளையவர் உடனே சரி என்றார். மூத்தவர் எங்களை உட்காரவைத்து, மோர் கொடுத்து, பொறுமையாகத்தான் பேசினார். "போய்ட்டு வந்துட்டு இருங்க தம்பி, யாருங்க வேண்டாம்னாங்க? கையெழுத்து மட்டும் கேக்காதீங்க." அவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. 14 அடி அகலத்தில் 160 அடி நீளம் என்றால் 5 சென்டுக்கும் மேலே. அதை என்றென்றைக்கும் இன்னொருவர் வண்டிக்கு எழுதிக்கொடுப்பது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை, அவர் பிள்ளைகள் நாளைக்கு அந்தத் தோப்பை விற்கப் போனால் விலை குறையும். அவர் பக்கம் நியாயம் இருந்தது. அவர் இருக்கும்வரை எங்கள் காரும் போய் வந்திருக்கும். அவருக்குப் பிறகு யார் வருவார்கள் என்பதுதான் எங்களைத் தடுத்தது.

அந்தத் தடத்தில் வேறு சிரமங்களும் இருந்தன. மழை பெய்தால் 160 அடியும் சேறு, கிராவல் கொட்டினால் ஒரு ஐப்பசி மழைக்கு மேல் நிற்காது என்றார்கள், காங்கிரீட் போட்டால் மூன்று வீட்டுக்காரரில் யார் எவ்வளவு தருவது என்று முடிவாகாது. மலையடிவாரம் என்பதால் ராத்திரியில் யானை வரும். தடத்தில் இறங்கும் முன் லைட்டைப் போட்டு இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்லி அக்கம்பக்கத்தார் எச்சரித்தார்கள். பள்ளிக்கூட வேன் தார்ச்சாலையோடு நின்றுவிடும், பிள்ளைகள் அந்த 160 அடியை நடந்துதான் வர வேண்டும். இத்தனைக்கும் மனசைத் தயார் செய்துகொண்டோம், கையெழுத்து இல்லாததற்குத்தான் முடியவில்லை. தடம் எஃப்எம்பியில் இருந்து, அகலமும் 14 அடிக்குக் குறையாமல் இருந்தால், மூன்றில் அந்த வீட்டைத்தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன்.

கவுண்டம்பாளையம் அடுக்குமாடியைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. ஸ்டில்ட்டில் ரோட்டு மட்டத்துக்கே கார் நுழையும், அங்கிருந்து லிஃப்ட், முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு ஒரு படிகூட ஏற வேண்டாம். வயதானவர்கள் மட்டும் இருக்கும் குடும்பத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். எங்களுக்குச் சரிவராமல் போனது ஒதுக்கிய இடத்தால். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் என்று சொல்கின்றன. காகிதத்தில் அந்த அளவு இருந்தது. நேரில் பார்த்தால் ஒரு பக்கம் தூண், கதவை முழுசாகத் திறக்க முடியாது, அதுவும் இன்னொரு வீட்டுக்காரரின் காருக்குப் பின்னால். அவர் காலை ஐந்து மணிக்கு மில்லுக்குக் கிளம்பினால் நான் எழுந்து என் காரை எடுக்க வேண்டும். அடுக்குமாடி பார்க்கிறவர்கள் வீட்டின் சதுர அடியைக் கேட்பதோடு நிற்காமல், தங்கள் எண் எழுதிய இடத்தில் தங்கள் காரையே விட்டுப் பார்க்க வேண்டும். வெட்டவெளிப் பார்க்கிங்கைத் தனியாக விலை போட்டு விற்க வந்தாலும் யோசியுங்கள். ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அதைப் பொது இடம் என்றே சொல்கிறது.

மூன்றையும் பார்த்து முடித்தபோது வடவள்ளி வீடு மறுபடி மனசுக்குள் வந்தது. தடத்து வீட்டுச் சிக்கல் இன்னொருவர் கையில். அடுக்குமாடிச் சிக்கல் தூணிலும் பக்கத்து வீட்டுக்காரரின் வேலை நேரத்திலும். ரேம்ப் சிக்கல் மட்டும் நம் கேட்டுக்கு உள்ளேயே தீர்க்கக்கூடியதாக இருந்தது. மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார்: வீட்டுத் தரை 3 அடியிலேயே இருக்கட்டும், போர்டிகோ தரையை மட்டும் 2 அடி வெட்டி இறக்கிவிடலாம். அப்போது ரோட்டிலிருந்து ஏற்றம் ஓர் அடி, கேட்டுக்கு உள்ளே ஓட்டம் 8 அடி. சரியான அளவு, வெளியே ஓர் அங்குலம்கூட நீட்ட வேண்டாம். போர்டிகோவிலிருந்து வீட்டுக்குள் ஏற நாலு படி.

இதைச் செய்ய முடியுமா என்பது போர்டிகோவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் ஊர் வீடுகளில் நிறைய இடத்தில் சம்ப் என்கிற நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி போர்டிகோவுக்கு அடியில்தான் இருக்கும், சில வீடுகளில் செப்டிக் டேங்க்கும். அப்படியிருந்தால் தரையை இறக்கவே முடியாது. இங்கே சம்ப் பக்கவாட்டில், செப்டிக் டேங்க் பின்னால். தூண்களைத் தரை மட்டத்தில் இணைக்கும் பிளிந்த் பீம் குறுக்கே போகிறதா என்று இன்ஜினியர் ஒரு மூலையில் தோண்டிப் பார்த்து, கார் வரும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்தார்.

போர்டிகோ தாழ்ந்தால் மழைத் தண்ணீர் வருமே என்று என் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போடக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். அதை மட்டும் நம்பி நாங்கள் முடிவு செய்யவில்லை. அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் காங்கிரீட் சாக்கடை கட்டியாகிவிட்டது, சாக்கடையின் மேல்விளிம்பைத் தாண்டி ரோட்டை உயர்த்துவது எளிதில்லை. தெருவிலேயே பழைய வீடு ஒன்றில் இருக்கும் அக்காவிடம் கேட்டோம். பெருமழையிலும் தண்ணீர் அவர் முதல் படியைத் தொட்டதில்லை என்றார். போர்டிகோ தரைக்கு ரோட்டுப் பக்கம் வாட்டம் கொடுத்து, கேட்டுக்கு உள்ளே குறுக்காக ஒரு கிரில் போட்ட வாய்க்கால் விட்டு, அந்தத் தண்ணீரை மழைநீர் சேகரிப்புக் குழிக்குத் திருப்பினால் போதும்.

கேட்டும் மாற வேண்டியிருந்தது. இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. உள்ளே ஏறிப்போகும் ரேம்ப் இருந்தால் உள்பக்கம் திறக்கும் கேட்டின் அடி ரேம்ப்பில் இடித்து நின்றுவிடும். அதனால்தான் பழைய சொந்தக்காரர் வெளிப்பக்கம் திறப்பது போல வைத்திருந்தார், ரோட்டில் போகிற டூவீலர்காரர்களுக்கு அது ஆபத்து. 40 அடி முகப்பு இருப்பதால் 12 அடி ஸ்லைடிங் கேட் போட இடம் கிடைத்தது. முகப்பு 25 அடிக்குக் குறைவான மனை என்றால் ஸ்லைடிங் கேட் ஒதுங்கச் சுவர் நீளம் போதாமல் போகலாம், முன்கூட்டியே அளந்துவிடுங்கள். ரோடு 30 அடி, எதிரில் மின்கம்பம் இல்லை. எதிர்வீட்டுக் கார் ஓரமாக நிற்கும்போதே மச்சானின் இன்னோவாவை வாங்கிவந்து, ராத்திரி எட்டு மணிக்கு ரிவர்ஸில் திருப்பிப் பார்த்தேன். இரண்டு தடவையில் நேரானது. 20 அடி ரோட்டில் இது நடந்திருக்காது.

வாஸ்து பார்க்கிறவர்கள் தெருக்குத்து இருக்கிறதா, ஈசானிய மூலையில் கார் நிற்கிறதா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் இல்லை, அதனால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தது.

விலை பேசும்போது அளவுத் தாளையே சொந்தக்காரர் முன்னால் வைத்தோம். அவரும் தன் காரை நான்கு வருஷமாக ரோட்டில்தான் நிறுத்தியிருக்கிறார், ஏன் என்று சொல்லாமல். போர்டிகோ, கேட், வாய்க்கால் எல்லாம் சேர்த்து மேஸ்திரி கொடுத்த எஸ்டிமேட் 2 லட்சத்து 10 ஆயிரம். 3 லட்சம் குறைத்துக் கேட்டோம், இரண்டரை லட்சம் குறைக்க ஒத்துக்கொண்டார்.

அம்மாவுக்கு அந்த நாலு படி கஷ்டம். சக்கர நாற்காலிக்கு ஏற்ற சாய்வு 1க்கு 12, அதாவது 2 அடி ஏற 24 அடி நீளம். கிழக்குப் பக்கச் சந்து 5 அடி அகலம், நீளமும் போதும். சமையலறைப் பக்கக் கதவு வரை அதில் ஒரு சாய்தளம் போட்டிருக்கிறோம். கைப்பிடிக் கம்பி இந்த வாரம் வருகிறது. ஸ்லைடிங் கேட்டுக்கு டிராக் பதித்த காங்கிரீட் இன்னும் காயவில்லை. அதுவரை கார் ரோட்டோரம்தான் நிற்கிறது, எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.